சரிதா அழிக்கச் சொன்ன வீடியோ

"கண்ணு, போன்ல கொழந்தைங்க பாக்கக்கூடாததப் பாக்காம பூட்டுப் போட முடியுமாமே, நெசமா?"

சரிதா இதைக் கேட்டது தமிழினி வீட்டு வாசற்கதவுக்கு வெளியே நின்றுகொண்டு. தமிழினி சங்ககிரியில் ஒரு லாரி ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள். அப்போதுதான் பஸ்ஸை விட்டு இறங்கி வந்திருந்தாள்.

"முடியுங்க்கா. உள்ள வாங்க."

"வேண்டாஞ் சாமி. பண்ணையிலிருந்து அப்படியே வாரேன். சீலையெல்லாம் தீவன நாத்தம். நிண்டுக்கிட்டே கேட்டுக்கறேன்."

தமிழினிக்குக் கூச்சமாக இருந்தது. சரிதாவின் மகள் மைதிலி ஏதோ பார்க்கக்கூடாததைப் பார்த்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். கதவின் தாழ்ப்பாளைப் பார்த்தபடியே சொன்னாள்: "கொழந்தையோட வயச அதுல போட்டுட்டாப் போதுங்க்கா. அந்த வயசுக்கு ஆகாதது எதுவும் வராது. பாப்பாவுக்குப் பதினொண்ணுதானுங்களே?"

"ஆமா. அவளுக்கு வயசு ஏற ஏற?"

"பதினெட்டு ஆனா பூட்டத் தேவையில்லீங்க. அவங்களே எடுத்துக்கலாம்."

"அப்ப அது ஆகாது."

"ஏனுங்க்கா?"

"பதினெட்டுக்கு மேலயும் அவ பாக்கக்கூடாது. கல்யாணமாயி, புள்ள பெத்து, எம்பட வயசு ஆனாலும் பாக்கக்கூடாது." சரிதா கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "மத்ததெல்லாம் பாத்தாப் பாத்துட்டுப் போறா. கெட்ட படமே பாத்தாலும் ரெண்டு அடி போட்டுத் திருத்திக்கலாம். அவங்கப்பனுது ஒண்ண மட்டும் பூட்ட முடியுமா?"

தமிழினி நிமிர்ந்து பார்த்தது அப்போதுதான். எந்த வீடியோ என்று அதற்கு மேல் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஊருக்கே தெரியும்.

"ஒண்ண மட்டும் பூட்ட முடியாதுங்க்கா. அது எல்லார்த்தட போன்லயும் இருக்குதுங்களே."

"எல்லார்த்தட போன்லயும் இருந்தா எல்லார்த்தட ஊட்டுக்கும் போவோணும்" என்றாள் சரிதா. "நீயும் வாரியா? அதுக எங்கெங்க ஒளிஞ்சிருக்கும்னு எனக்குத் தெரியாது."

வருகிறேன் என்று தமிழினி தலையை ஆட்டினாள்.

சரிதா எடப்பாடிப் பெண். தறிச் சத்தத்துக்குள் பிறந்து வளர்ந்ததால் குரல் கொஞ்சம் பெரிது. பக்கத்தில் இருப்பவரிடம் பேசினாலும் தெருக்கோடிக்குக் கேட்கும். திருச்செங்கோட்டுக்குக் கிழக்கே உள்ள இந்த ஊருக்கு அவள் வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில், "கதிர்வேலு பொண்டாட்டி ஒரு ரகசியம் சொன்னா, ஊரே கேட்டுச்சு" என்று கேலி பேசுவார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

கதிர்வேல் ரிக் வண்டியில் டிரில்லர். ஆழ்துளைக் கிணறு போடும் வண்டிகள் அந்தப் பக்கத்திலிருந்து நாடு முழுக்கப் போகின்றன. பொங்கல் முடிந்து கிளம்பினால், அங்கே மழை பிடித்து வேலை நிற்கும்போதுதான் ஆட்கள் ஊர் திரும்புவார்கள். அதுவரை வீட்டிலிருப்பவர்களுக்குச் சேதி சொல்வது தண்ணீர் வீடியோக்கள்தான். பாறையைத் துளைத்துத் தண்ணீர் பீறிட்டு வரும் நேரத்தில் வண்டியில் இருக்கும் யாராவது ஒருவர் போனை எடுத்துவிடுவார். எடுத்ததை வண்டிக்காரர்களும் அவர்கள் வீட்டாரும் இருக்கும் குழுவில் போட்டுவிடுவார்கள். வீட்டுப் பெண்கள் அதை வாங்கி உறவுக்காரர்களுக்கெல்லாம் அனுப்பி விடுவார்கள். எங்கள் வீட்டுக்காரர் கை வைத்த இடத்தில் தண்ணீர் வந்துவிட்டது, ஆள் நன்றாக இருக்கிறார் என்பதுதான் அதன் பொருள். அந்த வீடியோக்களை யாரும் கடைசிவரை பார்ப்பதில்லை. எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். வெள்ளையாகத் தண்ணீர், சேற்றில் குளித்த ஆட்கள், கூச்சல்.

சத்தீஸ்கரில் ஒரு காட்டு ஊரிலிருந்து அந்த வீடியோ வந்தபோது சரிதா கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு கையில் முட்டை அட்டை. மறு கையால் போனை எடுத்துப் பார்த்தாள். தண்ணீருக்கு முன்னால் கதிர்வேல் நிற்கும் படம் தெரிந்தது. திறக்கவில்லை. திறந்து பார்க்க ஒரு கை போதாது. வழக்கம்போல உறவுக் குழுவுக்கும், தெருக்காரர்களுக்கும், பண்ணையில் உடன் வேலை செய்கிறவர்களுக்கும் அனுப்பிவிட்டு, "தண்ணி வந்திருச்சு" என்று பேசி ஒரு செய்தியும் சேர்த்துவிட்டு, அடுத்த கூண்டுக்குப் போனாள்.

மேலே தொங்கிய இரும்புக் குழாய் கழன்று கதிர்வேல்மேல் விழுந்தது அந்த வீடியோவின் கடைசியில் இருந்தது. படம் எடுத்துக்கொண்டிருந்தவன் பதற்றத்தில் முதலாளிக்கு அனுப்ப நினைத்துக் குழுவில் அனுப்பிவிட்டான் என்று பிறகு சொன்னார்கள். அவனே கொஞ்ச நேரத்தில் அதைக் குழுவிலிருந்து நீக்கியும்விட்டான். ஆனால் அதற்குள் சரிதா அனுப்பியிருந்தாள்.

கொஞ்ச நேரம் யாருமே கூப்பிடவில்லை. பிறகு எல்லாரும் ஒரே சமயத்தில் கூப்பிட்டார்கள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு சரிதாவுக்கு இருந்தது ஒரே ஒரு கவலைதான். மைதிலி அதைப் பார்த்துவிடக் கூடாது. அழுவதற்கும் அவள் நேரம் ஒதுக்கவில்லை என்று பேசிக்கொண்டார்கள். அவளும் அந்த வீடியோவைத் திறக்கவில்லை. ஒருநாளும் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழினியின் ஸ்கூட்டரில் இருவரும் கிளம்புவார்கள். ஒவ்வொரு வீட்டிலும் முதலில் டீ வரும். டீயைக் குடித்துவிட்டு சரிதா கேட்பாள். பாதிப்பேர், "அதயெல்லாம் அப்பவே அழிச்சாச்சு அம்மிணி" என்பார்கள். "சரிங்க, இந்தப் புள்ள ஒருக்காப் பாத்துக்கட்டும்" என்று சரிதா போனுக்குக் கை நீட்டுவாள். தமிழினி வாங்கிப் பார்த்தால் ஏதோ ஒரு மூலையில் அது உட்கார்ந்திருக்கும். தண்ணீருக்கு முன்னால் நிற்கும் அந்தப் படத்தைப் பார்த்ததும் திறக்காமலேயே அழித்துவிடுவாள். போனைத் திருப்பிக் கொடுக்கையில் அந்த வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க மாட்டாள்.

மளிகைக் கடையில், "வாங்க, சைபர் கிரைம் வந்தாச்சு, எல்லாரும் போன எடுத்து வையுங்க" என்று ஒருவர் கத்தினார். சரிதா, "உங்களுதுலருந்தே ஆரம்பிச்சரலாமுங்க" என்று அவரிடமே முதலில் கை நீட்டினாள். கடையில் இருந்தவர்கள் சிரித்துக்கொண்டே போன்களைக் கொடுத்தார்கள். அன்றைக்கு நிறைய அழிந்தது.

எல்லா இடமும் அப்படி இல்லை. ஆத்தூர்ப் பக்கத்தில் ஒரு சித்தி முறையானவள் கதவிலேயே நிறுத்திவிட்டாள்.

"எம் பையன் போனு. நீ யாரு அதத் தொடறதுக்கு? ஊருக்கெல்லாம் அனுப்பி உட்டவளே நீதான?"

"நாந்தானுங்க" என்றாள் சரிதா. அவளுக்கே உரிய பெரிய குரலில், தெருவுக்குக் கேட்கும்படி. "அதனாலதான் நானே வாரேன்."

அந்தச் சித்தி உள்ளே போய்ப் போனை எடுத்து வந்தாள். ஸ்கூட்டரில் திரும்பினார்கள். வழியெல்லாம் தலைவாசல் ஊரிலிருந்து மரவள்ளி ஏற்றிய வண்டிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒதுங்கி ஒதுங்கிப் போக வேண்டியிருந்தது.

இணையத்தில் யாரோ அந்த வீடியோவுக்குச் சோகமான இசை சேர்த்து, தலைப்பு வைத்துப் போட்டிருந்தார்கள். தமிழினி புகார் கொடுத்தாள். ஓரிடத்தில் நீக்கினால் இன்னோரிடத்தில் முளைத்தது. அதனால் சரிதா தன் வீட்டைப் பூட்ட ஆரம்பித்தாள். டிவி இணைப்பைத் துண்டித்தாள். கல்யாணம், காதுகுத்து, நோம்பி என்று நாலு பிள்ளைகள் கூடும் இடத்துக்கு மைதிலியை அனுப்புவதில்லை. தாய்மாமன் வீட்டுச் சீருக்குக்கூடத் தான் மட்டும் போய்த் தட்டை வைத்துவிட்டு வந்தாள். "பொட்டப் புள்ளயக் கூண்டுக் கோழியாட்டம் வளக்கறா" என்று உறவுக்காரப் பெண்கள் பேசினார்கள்.

தன் போனையும் திருச்செங்கோட்டில் ஒரு கடையில் கொடுத்துவிட்டுப் பட்டன் போன் வாங்கிக்கொண்டாள். "உள்ள ஒண்ணுகூட இருக்கக்கூடாது, சுத்தமாத் தொடச்சிருங்க" என்று கடைக்காரரிடம் நின்று சொன்னாள். அவரும் துடைத்துவிட்டார். கதிர்வேல் அவ்வப்போது பேசி அனுப்பியிருந்த செய்திகள் எல்லாம் அதிலேதான் இருந்தன. சாப்பிட்டாயா, பாப்பா பள்ளிக்கூடம் போனாளா, இங்கே குளிர் அதிகம் என்கிற மாதிரிச் செய்திகள். நினைவு வந்து மறுநாள் பஸ் பிடித்துப் போனாள். போன் விற்றிருந்தது. விற்காவிட்டாலும் துடைத்தது துடைத்ததுதான் என்றார் கடைக்காரர். இதை அவள் தமிழினியிடம் சொன்னபோது, ஏதோ பஸ்ஸைத் தவறவிட்டதைச் சொல்வதுபோலச் சொன்னாள். அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பள்ளிக்கூடத்திலிருந்து வரும் செய்திகள் அதற்குப் பிறகு தமிழினியின் போனுக்கு வந்தன. எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும். மைதிலி சாயங்காலம் வந்து, தமிழினி படித்துச் சொல்லச் சொல்ல வீட்டுப்பாடத்தை எழுதிக்கொண்டு போவாள். அப்பனைப் போல நீண்ட முகம், நெற்றியில் ஒரு சுருக்கம். போன் மேசையில்தான் கிடக்கும். அதை ஒருநாளும் அவள் தொட்டதில்லை. எதையும் காட்டச் சொல்லிக் கேட்டதுமில்லை.

"எம் பாப்பா போனுப் பக்கமே திரும்ப மாட்டா" என்று சரிதா பண்ணையில் சொல்லிக்கொள்வாள். அப்படிச் சொல்கையில் அவள் முகத்தில் பழைய களை கொஞ்சம் தெரியும்.

மைதிலி போய்வர அனுமதி இருந்த ஒரே வீடு அவளுடைய பெரியப்பா தங்கசாமியின் வீடு. கதிர்வேலுக்கு மூத்தவர். அடுத்த ஊர். அவர் போனைத்தான் சரிதா முதலில் கேட்டாள். "அழிச்சுட்டேன் அம்மிணி" என்று அவர் சொன்னார். கூடப் பிறந்தவர், தலைமாட்டில் நின்று அழுதவர். அந்த ஒரு போனை மட்டும் வாங்கிப் பார்க்கச் சரிதாவுக்கு மனம் வரவில்லை. அந்த வீட்டில் விளையாட வேறு பிள்ளைகளும் கிடையாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் மைதிலி அங்கே போவாள், மாலையில் சரிதா போய்க் கூட்டி வருவாள்.

இரண்டு வருடம் இப்படிப் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சரிதாவும் தமிழினியும் திருச்செங்கோட்டில் மைதிலிக்குப் பள்ளிச் சீருடைத் துணி எடுத்துவிட்டு, வழியிலேயே அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று மத்தியானமே தங்கசாமி வீட்டில் இறங்கினார்கள். வீடு சோளக் காட்டுக்குள் தனியாக இருந்தது. தங்கசாமி மாட்டுக்குச் சோளத்தட்டு அறுக்கப் போயிருந்தார். அவர் மனைவி எங்கோ வெளியே. தமிழினி வண்டியை வேப்ப மரத்தடியில் நிறுத்தினாள்.

அப்போது உள்ளேயிருந்து கதிர்வேல் பேசினார்.

"டேய், ஆட்டாம எடுடா. எங்க பாப்பாளுக்குக் காட்டோணும்." தண்ணீர் கொட்டும் இரைச்சல். அதற்கு மேலே அவர் குரல். "மைதிலிச் சாமி! பாருடா கண்ணு, தண்ணி எப்புடி வருதுன்னு பாரு!" பிறகு ஒரு சிரிப்பு. சிரிப்பின் நடுவே சத்தம் நின்றுவிட்டது.

சரிதா துணிப்பையோடு அசையாமல் நின்றாள்.

மீண்டும் முதலிலிருந்து வந்தது. ஆட்டாம எடுடா. எங்க பாப்பாளுக்குக் காட்டோணும். மைதிலிச் சாமி. சிரிப்பு. நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடியும் வந்தது. ஒவ்வொரு தடவையும் சிரிப்பின் அதே இடத்தில் நின்றது.

தமிழினி சரிதாவின் முகத்தைப் பார்த்தாள். அவள் கணவனின் குரலை இரண்டு வருடத்துக்குப் பிறகு கேட்கிறாள். இந்தச் சொற்களை இப்போதுதான் முதன்முறையாகக் கேட்கிறாள். ஊருக்கெல்லாம் அனுப்பியவள் அதைத் திறந்ததே இல்லை.

உள்ளே போனபோது மைதிலி கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். தங்கசாமியின் போன் மடியில் இருந்தது. வலது கைப் பெருவிரல் திரைக்கு நேர் மேலே, தொட்டும் தொடாமலும் நின்றது. அம்மாவைப் பார்த்ததும் அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

சரிதா அடிக்கக் கை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது.

"அதுக்கு மேல பாக்க மாட்டேம்மா" என்றாள் மைதிலி வேகமாக. "சிரிக்கிற வரைக்குந்தான் பாப்பேன். எங்க நிறுத்தோணும்னு எனக்குத் தெரியும்."

"எப்புடித் தெரியும்?"

மைதிலி கவிழ்ந்த போனைத் தரையில் தள்ளி வைத்தாள்.

"எப்புடிடீ தெரியும்?"

"அன்னைக்கே பாத்துட்டேன். பள்ளிக்கூட பஸ்ஸுல ஒரு அக்கா காட்டுனாங்க. உங்கப்பாவ பாருன்னு." அவள் அழவில்லை. தப்புச் செய்த பிள்ளை தப்பை ஒப்புக்கொள்கிற குரலில்தான் சொன்னாள். "நீங்க எல்லார்த்தட ஊட்டுக்கும் போயி அழிச்சிட்டு இருந்தீங்க. அதனால சொல்லல."

தங்கசாமி தலையில் சோளத்தட்டுக் கட்டோடு வந்தார். மூன்று பேரையும், கவிழ்ந்து கிடந்த போனையும் பார்த்தார். கட்டைக் கீழே போட்டார்.

"பொய் சொல்லிட்டீங்களே மாமா" என்றாள் சரிதா. அந்தப் பெரிய குரல் அன்றைக்குத் தமிழினிக்கே சரியாகக் கேட்கவில்லை.

"அழிக்கத்தான் எடுத்தேன் அம்மிணி. மூணு நாலு தடவ எடுத்தேன்." அவர் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். "அவங் கொரலு வேற எங்க இருக்குது, சொல்லு. இதுலதான இருக்குது. பாப்பா எடுக்கறது எனக்குத் தெரியாது. எந் தம்பிமேல ஆணையாத் தெரியாது."

"பெரியப்பாவுக்குத் தெரியாதும்மா" என்றாள் மைதிலி. "அவுரு மாட்டுக்குத் தட்டு அறுக்கப் போறப்பத்தான் எடுப்பேன்."

தங்கசாமி போனை எடுத்து சரிதாவிடம் நீட்டினார். "நீயே அழிச்சரு" என்றார். சரிதா அதைத் தமிழினியிடம் கொடுத்தாள், எல்லா வீட்டிலும் கொடுத்ததுபோல. தமிழினி திறந்தாள். தண்ணீருக்கு முன்னால் கதிர்வேல் நின்றிருந்தார். அழிக்கும் இடத்தில் விரலை வைத்துக்கொண்டு சரிதாவைப் பார்த்தாள். சரிதா மகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கட்டும். வெச்சுரு" என்றாள் சரிதா.

அந்த வாரம் முழுக்க மைதிலி வீட்டுப்பாடம் எழுத வரவில்லை. தாயும் மகளும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று தமிழினிக்குத் தெரியாது. பேசினார்களா என்பதும் தெரியாது. சரிதா பண்ணைக்குப் போவதையும் வருவதையும் மட்டும் பார்த்தாள். உறவுக்காரர்கள் வீட்டுப் பயணம் நின்றுபோனது. அடுத்த சனிக்கிழமை சரிதா வந்து, முன்பு நின்ற அதே வாசற்கதவுக்கு வெளியே நிற்காமல், நேராக உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். தமிழினி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். சரிதா சொம்பைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

"பாப்பா எப்படிங்க்கா இருக்கா?"

"இருக்கறா. சோறு திங்கறா, பள்ளிக்கூடம் போறா." சொம்பின் விளிம்பை விரலால் துடைத்தாள். "அவளுக்கு முன்னாடி ஒரு கதவச் சாத்தி, அது மேல சாஞ்சு உக்காந்திருந்தேங் கண்ணு, ரெண்டு வருசமா. அவ உள்ளதான் இருந்திருக்கறா."

தமிழினி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அவுரு அவளுக்குக் காட்டோணும்னுதான் எடுக்கச் சொல்லியிருக்கறாரு. நா அதத்தான் ஊடு ஊடாப் போயி அழிச்சிருக்கறேன்." சரிதா சொம்பைக் கீழே வைத்தாள். "ஒண்ணு கேக்கறேன். கேக்கக்கூடாதுதான். நீ சின்னப் புள்ள, கல்யாணம் ஆகாதவ. இத்தன ஊட்டுக்கு எங்கூட வந்தும் நீ அதத் தொறக்கல, எனக்குத் தெரியும். எனக்குந் தொறக்க மனசு வரல. மாமாவுக்கு அதெல்லாம் செய்யத் தெரியாது. வேற ஆருகிட்டயும் குடுக்க முடியாது."

"சொல்லுங்க்கா."

"நீ ஒருக்காப் பாத்து, அவுரு சிரிக்கிற வரைக்கும் வெச்சுக்கிட்டு மிச்சத்த வெட்டிக் குடு சாமி. எங்க வெட்டறதுன்னு பாப்பாளக் கேக்காத. அது தன்னால முடியோணும். அவ இனிமே வெரல வெச்சுக்கிட்டு உக்காந்து பாக்கக்கூடாது."